தொங்கவிட்டு முறுக்கிய நான்கு போல்ட்டுகள்

1

சென்ற வியாழக்கிழமை நான் பெற்ற மகனின் காரையே ஃபெயில் போட்டேன்.

முதலில் இங்கே என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆக்லாந்தில் ஒரு வண்டி சோதனை நிலையத்தில் வேலை. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்களிடம் கொண்டுவந்து காட்டி, ஓட்டலாம் என்று சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பிரேக், விளக்கு, டயர், அடிப்பக்கம் எல்லாம் பார்த்து பாஸா ஃபெயிலா என்று எழுதுவது நான். ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது வண்டி. என்னிடம் கெஞ்சியவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு, ஒரு கிழவர் கேக் கொண்டுவந்து கொடுத்தார். கேக்கைத் தின்றுவிட்டு ஃபெயில் போட்டேன்.

பிரவீனுக்குப் பதினேழு வயது. பழைய கார் ஒன்றை வாங்கி, இணையத்தில் குட்டை ஸ்பிரிங் வரவழைத்து, நண்பர்களோடு சேர்ந்து ஒரு சனி ஞாயிறில் தானே மாட்டிவிட்டான். கார் வயிறு தரையில் தேய்கிற மாதிரி நின்றது. அம்மா இருக்கிறாளே, கண்டும் காணாமல் விட்டுவிடுவாள் என்று நேராக என் நிலையத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்தான். வண்டியின் அடிப்பக்கம் பார்க்கிற குழிக்குள் நான் இறங்கி விளக்கடித்தேன். ஒரே பார்வைதான். "அடப்பாவி, தொங்கவிட்டு முறுக்கி வச்சிருக்கான்!" என்று தமிழில் கத்திவிட்டேன். கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் எனக்கு வந்ததே ஒரு சிரிப்பு! சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

சிரிப்போடு விடுவார்களா? உறவுக்காரர் வண்டியை நான் சோதித்தது விதிமீறல். மேலாளர் மூன்று படிவங்களோடு வந்தார். வண்டிக்காரருக்கும் உங்களுக்கும் என்ன உறவு? அம்மா. முன்கூட்டித் தெரிவித்தீர்களா? இல்லை, அவனும்தான் எனக்குத் தெரிவிக்கவில்லை. இன்னொருவர் இறங்கிப் பார்த்து, அவரும் ஃபெயில் போட்ட பிறகுதான் மேலாளர் அடங்கினார்.

வண்டி நிறுத்துமிடத்தில் பிரவீன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். எங்கள் வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். பல வருடமாக அதுதான் ஏற்பாடு. கையால்கூடத் தொடாமல் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டான்.

"நானும் அதே தப்பப் பண்ணியிருக்கேன்டா. நம்ம மூர்த்தி மாமா வண்டிக்கு."

அவன் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "சொல்லு" என்றான். தமிழில்! ஊர்க் கதையை அவனாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. மதிய இடைவேளை முழுவதும் உட்கார்ந்து சொன்னேன். சொன்னதிலிருந்து எனக்கே ஒரு துள்ளல், யாரிடமாவது மறுபடி சொல்ல வேண்டும் போல. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

இரண்டாயிரத்தாறு. எங்கள் வீடு திருவிடந்தையில். அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்கள். நான் தொண்ணூறுகளில் மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் மாறி மாறிச் செங்கல்பட்டு போய் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். கல்யாணமாகி இங்கே வந்தேன். என் தம்பி மூர்த்தி ஸ்டியரிங் பிடித்தான்.

சிறுசேரியில் சாஃப்ட்வேர் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. ஆட்களைக் கூட்டிப்போகவும் கொண்டுவந்து விடவும் வண்டி வண்டியாகத் தேவைப்பட்டது. மூர்த்தி அதுவரை அடுத்தவர் வேனை ஓட்டியவன், கடன் போட்டு எட்டுப் பேர் உட்காருகிற பழைய வேன் ஒன்றைச் சொந்தமாக வாங்கினான். ஒரு கம்பெனியில் ஒப்பந்தம் கிடைக்கிற மாதிரி இருந்தது. ஆனால் பின்சீட்டில் ஆள் ஏறினால் வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிடும். அதைச் சரி செய்துகொண்டு வா, எங்கள் ஆள் ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்வார் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு பக்கம் துபாயில் டிரைவர் வேலை என்று ஒரு ஏஜெண்ட் சுற்றிக்கொண்டிருந்தான். மூர்த்தி தன் பாஸ்போர்ட்டை அவனிடம் கொடுத்துவிட்டிருந்தான். சிறுசேரி கிடைத்தால் ஊரிலேயே, கிடைக்காவிட்டால் வேனை விற்றுவிட்டுத் துபாய். அவன் மனைவி கற்பகம் போனில் என்னிடம் அழுதாள். "அண்ணி, ரெண்டு கொழந்தையும் அவர் மேல ஏறித்தான் தூங்குதுங்க. எப்டியாச்சும் இங்கியே நிறுத்திடுங்க."

எனக்கு ஒரே வேகம். அதே வேன் வேறு பெயரில் ஆக்லாந்திலும் ஓடுகிறது. பாரம் தாங்குகிற கனமான பின் ஸ்பிரிங் இரண்டும், அதோடு மாற்ற வேண்டிய, இரும்போடு இரும்பு உரசாமல் தாங்குகிற ரப்பர் புஷ்களும் வாங்கினேன். அப்போது எட்டு வயதான பிரவீன், விளையாட்டு முகாம் என்று வரமாட்டேன் என்றுவிட்டான். அவன் துணிமணிக்கு ஒதுக்கியிருந்த இடமும் என் பெட்டியில் மிச்சமானதால் ஸ்பிரிங்குகளைப் புடவையில் சுற்றி வைத்தேன்.

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, புடவையைப் பிரித்து, ஸ்பிரிங்கை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"ஸ்பிரிங் சார். தம்பி வண்டிக்கு."

"எல்லாரும் சாக்லேட்டு கொண்டாருவாங்க. நீ இன்னான்னா வண்டியவே பார்ட் பார்ட்டா தூக்கிகினு வர!"

புதியதா பழையதா, விற்கவா சொந்த உபயோகமா, ரசீது எங்கே என்று மூன்று மேசைகள் சுற்றி, மூன்று கையெழுத்துப் போட்டு வெளியே வந்தேன். வாசலில் மூர்த்தி பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யக்கா, உள்ள இன்னா அம்மிக்கல்லா?" என்றான். அவனுக்கு முகமெல்லாம் பல். எனக்கும்தான்.

3

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலிலேயே வேலையை வைத்துக்கொண்டோம். மூர்த்தியின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஏழுமலைக்கு மாமல்லபுரத்துக்கு வெளியே சிற்பப் பட்டறைகளை ஒட்டி மெக்கானிக் கடை. அங்கே குழி இருக்கிறது. ஆனால் அன்று ஒரு வண்டி பாதி வேலையில் குழிமேல் நின்றுகொண்டிருந்தது. அதனால் ஜாக்கி, மரக்கட்டை, ஸ்பேனர் பை எல்லாம் டிவிஎஸ் ஐம்பதில் கட்டிக்கொண்டு ஏழுமலை வந்துவிட்டான்.

வேனின் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டை கொடுத்தோம். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. பழைய ஸ்பிரிங்கைக் கழற்றினோம். அடேயப்பா, எனக்கு எத்தனை நாளைக்குப் பிறகு கையில் கிரீஸ்! ஆக்லாந்தில் எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி, கழற்றவோ மாட்டவோ கூடாது. ஊரில் நான் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் கிடந்தேன். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. "பாருடா, வெளிநாட்டு என்ஜினியரம்மா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

மணி பத்து ஐந்து. புது ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது. சக்கரத்தைத் தாங்குகிற கைகளில் புது ரப்பர் புஷ் ஏறிவிட்டது. நான்கு போல்ட்டுகளை முறுக்க வேண்டியதுதான் பாக்கி. கற்பகம் தட்டில் சூடமும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு வாசலில் தவித்தாள்.

"அண்ணி, பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள வண்டி எறங்கி எலுமிச்சம்பழம் மேல ஏறிடணும். திங்கக்கெழம கம்பெனி ஆளு வந்து பாக்கற காரியம் நல்லபடியா முடியணும் அண்ணி."

இங்கேதான் வந்தது வினை. அந்த போல்ட்டுகளைச் சும்மா பிடிக்கிற அளவுக்கு மட்டும் முறுக்கிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் முழு எடையும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். ஏனென்றால் போல்ட் எந்த நிலையில் இறுகுகிறதோ அதுதான் தனக்கு இயல்பான நிலை என்று ரப்பர் பிடித்துக்கொள்ளும். சக்கரம் தொங்கும்போது முறுக்கிவிட்டால், வண்டி இறங்கின நிமிடத்திலிருந்து ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும். கழுத்தைத் திருப்பி வைத்துக் கட்டிவிட்டு நேரே பார்த்து நட என்று சொன்ன மாதிரி. ஆனால் இறக்கிவிட்டு முறுக்க வேண்டுமென்றால், குழி இல்லாத இடத்தில், தாழ்ந்த வண்டிக்கடியில் புகுந்து ஊர்ந்து இன்னும் அரைமணி நேரம் ஆகும். ராகு காலத்துக்குள் போய்விடும். தூக்கி நிற்கும்போது முறுக்கினால் ஐந்தே நிமிடம்.

தினமும் அடுத்தவர்களை இதற்காக ஃபெயில் போடுகிறவள் நான். அந்த நேரத்தில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? கற்பகத்தின் முகம்தான் தெரிந்தது. ஏழுமலை விளக்குப் பிடித்தான், நான் நான்கையும் தம் கட்டி முறுக்கினேன். பத்து இருபத்தைந்துக்கு வண்டி இறங்கியது, எலுமிச்சம்பழம் நசுங்கியது, தெரு கைதட்டியது. கற்பகம் எனக்கும் வண்டிக்கும் சேர்த்துத் திருஷ்டி சுற்றினாள்.

4

சாயங்காலம் ஈசிஆரில் ஓட்டிப் பார்த்தான் மூர்த்தி. திரும்பி வந்தபோது அவன் முகத்தில் பல் இல்லை. வண்டி பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஒவ்வொரு வேகத்தடையிலும் குதிக்கிறது, திருப்பத்தில் கீச் கீச் என்று கத்துகிறது என்றான். புதுசு, உட்காரட்டும் என்றேன். சனிக்கிழமை காலையில் அது இன்னும் மோசமானது. பின்சீட்டில் உட்கார்ந்து வந்த எனக்கே இடுப்பு கழன்றுவிட்டது.

நேரே ஏழுமலை கடைக்கு விட்டான். பக்கத்துப் பட்டறையில் உளிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மூர்த்தி போட்ட கூச்சலில் அது நின்றுவிட்டது.

"இன்னாடா மச்சான் பண்ணி வச்சிருக்க? வண்டியா இது? மாடு மாரி குதிக்குது! திங்கக்கெழம அந்த ஆளு வந்து ஒக்காரப் போறான். எங்கக்கா அம்மாந் தூரத்துலேர்ந்து சாமான் தூக்கிகினு வந்துச்சு, நீ அத நாசம் பண்ணிட்ட!"

அக்கா தப்புச் செய்திருப்பாள் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. வெளிநாட்டில் வண்டிக்குச் சீட்டுக் கொடுக்கிறவள் ஆயிற்றே! கல் தச்சர்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். நான் மெதுவாகக் குனிந்து பின்சக்கரத்துக்கு உள்பக்கம் எட்டிப் பார்த்தேன். புது ரப்பர் முறுக்கிக்கொண்டு கோணலாக நின்றது, ஓரத்தில் வெடிக்கிற மாதிரி ஒரு சுருக்கம். நான்தான். நானேதான்.

நிமிர்ந்து சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அத்தனை பேர் நிற்கிறார்கள், வெளிநாட்டு என்ஜினியரம்மா என்று நேற்றுதான் சொன்னார்கள். ஏழுமலை என்னை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் மூர்த்தியிடம், "கத்தாத மச்சான். பாக்கறேன், வுடு" என்றான். அவ்வளவுதான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

"நீ பாக்கவே வாணாம்" என்று மூர்த்தி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அந்தக் கீச்சுச் சத்தத்தை நான் வீடு வரை கேட்டுக்கொண்டு வந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

5

ஞாயிற்றுக்கிழமை நான் செங்கல்பட்டில் என் மாமியார் வீட்டுக்குப் போவதாக இருந்தது. காலையில் கிளம்பும்போது மூர்த்தி பீரோவைக் குடைந்துகொண்டிருந்தான். ஏஜெண்டின் போன் நம்பரைத் தேடுகிறானாம்.

"பேசாம துபாய் போயிடறேன்கா. இந்த வண்டிய வச்சிகினு ஒண்ணும் ஆவாது. நீ வெளிநாடு போவல?"

நீ போவல. அவன் அதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் குத்தியது. அடுக்களை வாசலில் கற்பகம் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"மூர்த்தி, அது ஏழுமலை தப்பு இல்ல. நான் பண்ணது. அந்த நாலு போல்ட்ட நான்தான் தொங்கவிட்டு முறுக்கினேன். நேத்தே தெரிஞ்சுடுச்சு, சொல்ல வெக்கமா இருந்துச்சுடா."

அவன் என்னைப் பார்த்தான். கோபத்தில் காது சிவந்துவிட்டது. "நேத்தே சொல்றதுக்கு இன்னா? அத்தினி பேர் எதிர்ல அவன அசிங்கமா பேசிட்டேனே! அவன் மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

"நான் முழிக்கறேன். சரி பண்றதுக்கு ஒரு மணி நேரம் போதும். வண்டிய எடு."

"நானும் வரேன்" என்றாள் கற்பகம். ராகு காலம் எப்போது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமியார் வீட்டுக்குப் போன் செய்து அடுத்த நாள் வருவதாகச் சொன்னேன்.

ஏழுமலை கடையில் நான் முதலில் பக்கத்துப் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டேன். நேற்றுக் கேட்டவர்கள் இன்றும் கேட்க வேண்டுமல்லவா? "நேத்து எந்தம்பி திட்டினான் பாருங்க, அந்தத் தப்பு என்னோடது. ஏழுமலை மேல ஒண்ணும் இல்ல" என்றேன். ஏழுமலை காதைச் சொறிந்துகொண்டு, "வுடு யக்கா. குழில நீ எறங்கறியா, நான் எறங்கட்டா?" என்றான்.

நான்தான் இறங்கினேன். வேன் குழிக்குமேல் சக்கரம் ஊன்றி நின்றது. ஸ்பேனர் போட்டு முதல் போல்ட்டைத் தளர்த்தினேன் பாருங்கள், டொக்கென்று ஒரு சத்தம்! ரப்பர் விடுபட்டு வண்டி ஒரு விரற்கடை இறங்கியது. இரண்டாவது, டொக். மூன்றாவது, நான்காவது. வண்டியே பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. நான் குழிக்குள் நின்று "ஹே!" என்று கூவிவிட்டேன்.

"ஆள் வேணும், ஆள்! எட்டுப் பேர் உக்கார்ற வண்டி. எட்டுப் பேரும் ஏறின நிலையிலேயே முறுக்கிடறேன்."

கல் தச்சர்கள் ஆறு பேர் மாவு மாதிரி கல்தூசியோடு ஏறினார்கள். கற்பகம் ஏறினாள், மூர்த்தி ஏறினான். ஏழுமலை என்னோடு குழிக்குள் வந்துவிட்டான். மேலே ஒரே கும்மாளம். "இன்னாம்மா, பொண்ணு பாக்கவா போறோம்?" என்று ஒருவர் கேட்டார். "ஆடாதீங்க... இல்ல, ஆடுங்க! நல்லா குதிச்சு ஆடுங்க, அப்பதான் சரியா உக்காரும்" என்று கத்தினேன். எட்டுப் பேரும் சீட்டில் உட்கார்ந்தபடி குதித்தார்கள். எங்கள் தலைமேல் வேன் ஏறி இறங்கியது. சத்தமே இல்லை! ஒரு கீச் இல்லை! நின்ற பிறகு நான்கு போல்ட்டுகளையும் தம் கட்டி முறுக்கினேன்.

அப்படியே அந்த எட்டுப் பேரோடு மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு வரை ஒரு ஓட்டம். வேகத்தடை வந்ததே தெரியவில்லை. வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் விட்டான் மூர்த்தி. பின்சீட்டுத் தச்சர், "மெத்த மாரி கீதுபா" என்றார். மூர்த்தி ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு ஓவென்று கத்தினான். இறங்கியதும் ஏழுமலையின் தோளில் கையைப் போட்டு எதையோ சொல்ல வாயெடுத்தான். "போய் டீ சொல்லு போ" என்று அவனைத் தள்ளிவிட்டான் ஏழுமலை.

திங்கள் காலையில் கம்பெனிக்காரர் கடைசி சீட்டில் ஏறிக்கொண்டு, ஓடுகிற வண்டியிலேயே தன் படிவத்தை நிரப்பினாராம். எழுத்துக் கோணாமல் எழுத முடிந்தால் பாஸ் என்பது அவர் கணக்கு. மூர்த்தி சிறுசேரியிலிருந்து போன் செய்தான். "யக்கா, கையெழுத்து முத்து முத்தா கீது!" கற்பகம் அன்றைக்கே பஸ் ஏறிப் போய் ஏஜெண்டிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்கிவந்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

6

பிரவீனிடம் இதுவரைதான் சொன்னேன். கைகொட்டிச் சிரித்தான். எட்டுப் பேர் குதித்ததை இரண்டாம் தடவை சொல்லச் சொன்னான். இந்தச் சனிக்கிழமை அவன் நண்பர்களை ஏற்றி உட்கார வைத்து நானும் அவனும் போல்ட்டுகளை முறுக்கப் போகிறோம். அதற்குப் பிறகு நடந்ததை அவனிடம் சொன்னால் அழுதுவிடுவேன் என்று நிறுத்திவிட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் ஆக்லாந்துக்குத் திரும்புகிற நாள். மூர்த்தி அதே வேனில் விமான நிலையம் கூட்டிப்போனான். ஏழுமலையும் வந்தான். கோவளம் தாண்டி டீசல் போட வண்டியை நிறுத்தி மூர்த்தி இறங்கிப் போனான். நாங்கள் இருவரும் வண்டியில் இருந்தோம்.

"ஏழுமலை, உண்மையச் சொல்லு. நான் தொங்கவிட்டு முறுக்கினப்போ நீதான் வெளக்குப் புடிச்ச. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்கா. அந்த ராகு கால அவசரத்துல இன்னா பேசறது? ஞாயித்துக்கெழம நீ செங்கல்பட்டு போறேன்னு சொல்லிகினு இருந்த. நீ அந்தாண்ட போனதும் வண்டிய வாங்கியாந்து சரி பண்ணிடலாம்னு இருந்தேன்."

"அப்ப சனிக்கெழம அவன் அவ்ளோ திட்டினானே! நான் இல்ல, அக்காதான்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். "யக்கா, நானும் அவனும் சண்ட போட்டா இன்னா ஆவும்? மூணு நாளு பேச மாட்டோம். நாலாம் நாளு டீக்கடையில ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துத்தான் ஆவணும். நீயும் அவனும் சண்ட போட்டா? நீ பிளேன் ஏறிப் போயிடுவ. அப்பறம் எந்தக் கடையில பாத்துப்பீங்க?"

மூர்த்தி வந்து ஏறிக் கதவைச் சாத்தினான். "இன்னா, ரெண்டு பேரும் கம்முனு கீறீங்க?" என்றான்.

"வழியில டீக்கடை வந்தா நிறுத்துடா. மூணு பேரும் குடிக்கலாம்."

"மணி ஆயிட்டது யக்கா. பிளேன வுட்டுடுவ."

"போனா போவட்டும். நீ நிறுத்து" என்றேன்.